ஒரு வரி முந்திப் பாடுகிறவர்

பெங்களூர் ஜோகுபாளையத்தில் இருக்கும் எங்கள் தமிழ்ச் சபையின் பாடகர் குழுவை இருபத்திரண்டு வருடமாக நான் நடத்திவருகிறேன். எல்லோரும் என்னை மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். அது போதும், இது என் கதை இல்லை. என் இருபத்திரண்டு வருடத்தில் பதினோரு வருடத்தைக் கெடுத்த பாக்கியராஜின் கதை. அவரைப் பற்றி நிதானமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். இரண்டாவது வரியிலேயே கோபம் வந்துவிட்டது, மன்னிக்கவும்.

பாக்கியராஜ் கோலார் தங்கவயலில் பிறந்தவர். அப்பாவைப் போலவே இருபது வயதில் சுரங்கத்துக்குள் இறங்கினார். பாறை துளைக்கும் மெஷினைப் பிடித்துப் பிடித்து வலது காது போய்விட்டது. சுரங்கத்தை மூடிய பிறகு விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வந்து வேலை பார்த்துவிட்டுப் பொழுது சாய்ந்து திரும்புகிற கூட்டத்தில் அவரும் ஒருவரானார். கடைசியில் மனைவி ரஞ்சிதத்தோடு ஈஜிபுராவிலேயே ஒரு சின்ன வீடு பார்த்துக்கொண்டு வந்துவிட்டார். கோரமங்களா பக்கம் ஒரு அப்பார்ட்மெண்டில் செக்யூரிட்டி சூப்பர்வைசர் வேலை. ஈஜிபுராவிலேயே சபைகள் இருக்கின்றன. அத்தனையையும் மொபெட்டில் தாண்டி ஏன் எங்களிடம் வந்து சேர்ந்தார் என்று ஆண்டவரிடமே பலமுறை கேட்டிருக்கிறேன்.

அவர் செய்தது இதுதான். நாங்கள் பாட்டின் முதல் வரியைப் பாடி முடிப்பதற்குள் அவர் இரண்டாம் வரியை உரக்கச் சொல்லிவிடுவார். பாட மாட்டார், சொல்வார், ரயில்வே ஸ்டேஷனில் அறிவிப்பது போல. சொல்லிவிட்டு அதே வரியை எல்லோரோடும் சேர்ந்து தன் சொந்தச் சுருதியில் பாடுவார். அது முடிவதற்குள் அடுத்த வரியின் அறிவிப்பு வந்துவிடும். முன்னால் திரையில் ஒவ்வொரு எழுத்தும் பூசணிக்காய் அளவுக்குத் தெரிகிறது. இந்தச் சேவை யாருக்கு வேண்டும்? மேல்குரல் பாடும் என் சோப்ரானோப் பெண்கள் அவர் குரலில் மிரண்டு, அவர் சொன்ன வரிக்குத் தாவிவிடுவார்கள். ஒருமுறை நாலாவது சரணம் மூன்றாவதற்கு முன்பே முடிந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த பிரசங்கியார் பாட்டு முடிந்துவிட்டது என்று எழுந்து, பிறகு உட்கார்ந்து, மறுபடி எழுந்தார்.

எங்கள் செயலாளர் கிளிஃபர்ட் நல்ல மனிதர். முகத்துக்கு நேரே கடுமையாகப் பேச மாட்டார். ஒரு நாள் அவர் பாக்கியராஜின் தோளில் கை போட்டு, “ஆண்டவருக்குக் காது நல்லா கேக்கும், மெதுவாவே பாடலாமே” என்றார்.

“அவருக்குக் கேக்கும் சார்,” என்றார் பாக்கியராஜ். “எனக்குத்தான் கேக்கறது இல்ல.”

 ஆகவே கமிட்டி அவருக்குப் பதவி உயர்வு கொடுக்கத் தொடங்கியது.

முதலில் அவரை முன்வரிசையிலிருந்து கடைசி வரிசைக்கு, சத்தம் போடும் பழைய மின்விசிறிக்குக் கீழே மாற்றினோம். காற்றோட்டமான இடம் கொடுத்ததற்கு நன்றி சொன்னார். விசிறியை மிஞ்சவேண்டி இருந்ததால் இன்னும் உரக்கப் பாடினார். பிறகு வரவேற்புக் குழுவில் போட்டு வாசலில் நிறுத்தினோம். வாசலிலிருந்தே வரிகளைச் சொன்னார். எதிரே கோழிக்கடைக்கு வந்தவர்கள் வரிசையில் நின்றபடி எங்கள் பாட்டைக் கற்றுக்கொண்டார்கள். கடைசியில் வண்டிகளை ஒழுங்குபடுத்தும் பொறுப்பைக் கொடுத்து, கழுத்தில் ஒரு விசிலையும் மாட்டினோம். வாயில் விசில் இருந்தால் மனிதன் பாட முடியாது என்பது என் யோசனை. அவர் விசிலிலேயே பாடினார். பல்லவி வந்தபோது கிளிஃபர்ட் தன் புதுக் காரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். விசிலை நம்பி வந்த கார் காம்பவுண்டுச் சுவரில் போய் நின்றது.

இதையெல்லாம் அந்த மனிதர் தண்டனையாக நினைக்கவே இல்லை. ஒவ்வொரு பொறுப்பும் கிடைத்த அன்று முழங்காலில் நின்று ஆண்டவருக்கு நன்றி சொல்வார். எங்களுக்குத்தான் வெட்கமாக இருக்கும், அந்த வெட்கம் அடுத்த ஞாயிறு முதல் பாட்டு வரைக்கும் நிற்கும்.

ஒரே ஒருமுறை அவர் எதையாவது கேட்டார் என்றால் அது அவருடைய முப்பதாவது கல்யாண நாளுக்கு. எங்கள் சபையில் அந்த வாரம் பிறந்தநாள், கல்யாண நாள் உள்ளவர்கள் முன்னால் வந்து நிற்பார்கள். ஆயர் ஜெபிப்பார். விருப்பப்பட்டவர்கள் ஒரு சிறப்புப் பாடல் பாடலாம். பாக்கியராஜ் மூன்று மாதமாகத் தன் அப்பார்ட்மெண்டின் லிஃப்டுக்குள் பயிற்சி செய்திருக்கிறார். குடியிருப்பவர்கள் படியேறத் தொடங்கிவிட்டார்கள் என்று அவரே பெருமையாகச் சொன்னார், உடம்புக்கு நல்லதாம்.

அந்த ஞாயிறு ரஞ்சிதம் மாம்பழ நிறப் பட்டுப்புடவையில் வந்திருந்தார். பாக்கியராஜ் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், கையில் ஒரு தாளோடு நின்றார். ஆயர் ஆமென் சொன்னார். பாக்கியராஜ் வாயைத் திறந்தார். நான் கையை உயர்த்தினேன், ஆர்கனில் அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது. அவர் வாய் திறந்தபடியே என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு நின்ற இடத்திலிருந்தே, நாங்கள் தொடங்கிய பாட்டின் முதல் வரியை உரக்கச் சொல்லி, எப்போதும் போல முழு மனதோடு பாடினார். ஆறு சரணம். ரஞ்சிதம் பாடவில்லை, ஆறு சரணமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார்.

“மாஸ்டர், அவரு ஒங்களுக்காகப் பாடறதா இருந்தா இன்னியோட நிறுத்தியிருப்பாரு,” என்றார். “ஒங்க நேரம், அப்பிடி இல்ல.”

எனக்கு உறைத்தது. ஆனால் திருந்தவில்லை. அடுத்த வாரமே கமிட்டியின் பேரில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். ‘தங்கள் உற்சாகத்தைச் சபை நன்கு அறியும். அது இன்னும் பொருத்தமான ஓர் இடத்தில் பயன்பட வேண்டுமென்று கமிட்டி ஏகமனதாக விரும்புகிறது.’ எதையும் நேரடியாகச் சொல்லாமல் எழுதுவதில் எனக்கு நல்ல பழக்கம். அந்தப் பழக்கத்தின் பலனாக பாக்கியராஜ் அதைப் பாராட்டுப் பத்திரம் என்று எடுத்துக்கொண்டு, லேமினேட் செய்து, வீட்டில் கல்யாண போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, அந்தப் பொருத்தமான இடம் எது என்று கேட்டார்.

அப்படி ஒரு இடம் இருக்கத்தான் செய்தது. கொரோனா காலத்தில் ஆராதனையை ஆன்லைனில் காட்டுவதற்காக மேல்மாடத்தில் ஒரு கண்ணாடி அறை கட்டினோம். உள்ளே இருக்கும் சத்தம் வெளியே வராது. எல்லோரும் அதைக் கண்ணாடிக் கூண்டு என்பார்கள். ஆரம்பத்தில் ஒரு பட்டனை அழுத்த வேண்டும், முடிந்ததும் இன்னொரு முறை அழுத்த வேண்டும். இடையில் ஒன்றரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கலாம். பாக்கியராஜை அதற்குள் வைத்துக் கதவைச் சாத்தினோம்.

பதினாலு வாரம். என் வாழ்க்கையின் மிக நல்ல பதினாலு வாரம் என்று அப்போது நினைத்தேன். என் குழு நாலு குரலில் தேன் மாதிரிப் பாடியது. மேலே பார்த்தால் கண்ணாடிக்குப் பின்னால் பாக்கியராஜின் வாய் மட்டும் திறந்து திறந்து மூடும். மீன்தொட்டியைப் பார்ப்பது போல நிம்மதியாக இருக்கும்.

இங்கே என் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் மனைவி பவுலின் எங்கள் குழுவில் பதினெட்டு வருடம் ஆல்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல், பாடியவள். இரண்டு வருடத்துக்கு முன்பு பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று, பார்வை பாதி போயிற்று, பேச்சு ஏறக்குறைய முழுதும் போயிற்று. சொல்ல வேண்டியது மனதுக்குள் இருக்கிறது, தொடங்க வார்த்தை வரவில்லை என்றார் டாக்டர். முதல் சில மாதம் தினமும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குப் பிடித்த பாட்டுகளைப் பிசிறில்லாமல், இடைவெளி விடாமல் முழுதாகப் பாடிக் காட்டினேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். கண்ணில் நீர் நிற்கும். பிறகு நான் பாடுவதை விட்டுவிட்டேன், எனக்குத் தாங்கவில்லை. ஞாயிறு காலையில் ஜோவிதா என்ற பெண் வந்து அவளைப் பார்த்துக்கொள்வாள், நான் கோயிலுக்குப் போய்விடுவேன்.

பதினாலாம் வாரம் முடிந்ததும் கிளிஃபர்டின் மைத்துனர் கனடாவிலிருந்து போன் செய்தார். உங்கள் ஆன்லைன் ஆராதனையில் ஒரே ஒரு ஆள்தான் கத்துகிறார், பின்னால் எங்கோ பக்கத்துத் தெருவில் பாடுவது போல ஒரு கூட்டம் கேட்கிறது என்றார். போய்ப் பார்த்தால், ஆர்கனிலிருந்தும் எங்கள் மைக்குகளிலிருந்தும் லேப்டாப்புக்குப் போகும் வயரைக் காணோம். கூண்டைச் சுத்தம் செய்த முதல் நாளே பாக்கியராஜ் அதைக் கழற்றி அழகாகச் சுருட்டி மேஜை டிராயரில் வைத்திருக்கிறார். காலில் தட்டுகிற மாதிரி வயர் கிடந்தால் சுருட்டி வைக்க வேண்டும் என்பது சுரங்கத்தில் படித்த பாடம். அதனால் லேப்டாப் தன்னுடைய சொந்த மைக்கில் என்ன கேட்டதோ அதை உலகத்துக்கு அனுப்பியிருக்கிறது. அதற்குக் கேட்டது பாக்கியராஜ். நாங்கள் எல்லோரும் கோயிலிலேயே இருந்ததால் எங்கள் ஆராதனையை ஆன்லைனில் ஒருத்தரும் பார்த்ததில்லை.

எனக்கு வந்த கோபத்தில் இரண்டு பக்கத்துக்கு ஒரு புகார் எழுதினேன். இந்த முறை நேரடியாகவே எழுதினேன். அவருக்கு இனி எந்தப் பொறுப்பும் கூடாது, பாட்டு நேரத்தில் கோயிலுக்குள்ளேயே இருக்கக்கூடாது, பிரசங்கத்துக்கு வந்தால் போதும் என்று. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடி முடிவெடுப்பதாக ஏற்பாடு. வயரை அதற்குப் பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்று கிளிஃபர்ட் சொன்னார், சாட்சி இருக்கட்டுமாம்.

சனிக்கிழமை என் தொண்டை கட்டிக்கொண்டது. டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, ஐந்து நாளைக்கு ஒரு வார்த்தை பேசக்கூடாது என்றார். பேச நினைத்தாலும் காற்றுதான் வந்தது. புகாரைக் கிளிஃபர்டிடம் வாசிக்கச் சொல்லி அனுப்பிவிட்டு, இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஞாயிறன்று வீட்டில் இருந்தேன்.

ஒன்பது மணிக்கு ஜோவிதா பவுலினைத் தலையணையில் சாய்த்து உட்காரவைத்து, எதிரே போனை நிறுத்தினாள். எங்கள் கோயில் தெரிந்தது. ஆர்கன் எங்கோ தூரத்தில் முனகியது. பிறகு அந்தக் குரல் அறையை நிறைத்தது.

“எண்ணெய் தீர்ந்த விளக்கோடு வந்தேன்.”

நான் பல்லைக் கடித்தேன். அப்போது பக்கத்தில் இன்னொரு குரல் கேட்டது.

“எண்ணெய்…” என்றாள் பவுலின். “எண்ணெய் தீர்ந்த… விளக்கோடு வந்தேன்.”

பாடினாள். நாக்கு கொஞ்சம் தடித்திருந்தது. ஆனால் அது அவளுடைய ஆல்டோதான். வரி முடிந்து அவள் தடுமாறி நிற்பதற்குள் பாக்கியராஜ் அடுத்த வரியை எடுத்துக் கையில் கொடுப்பது போலச் சொன்னார், அவள் அதையும் வாங்கிக்கொண்டு பாடினாள். ஐந்து சரணமும் பாடினாள். நான் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வருடம் அவளுக்கு எது தேவைப்பட்டதோ அதைத்தான் பதினோரு வருடமாக நான் விரட்டிக்கொண்டிருந்தேன்.

ஜோவிதா என்னை விசித்திரமாகப் பார்த்தாள். “மூணு மாசமா வாரா வாரம் பாடறாங்க சார். ஒங்க கோயில்தானே, ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

கடைசிப் பாட்டு வரை அவளோடு உட்கார்ந்து கேட்ட பிறகுதான் என் புகார் ஞாபகம் வந்தது. மணி பத்தரை. பதினொன்றுக்குக் கமிட்டி. போன் செய்யலாம் என்றால் குரல் இல்லை. கிளிஃபர்டுக்கு மெசேஜ் அனுப்பினேன், அவர் ஆராதனைக்காக அணைத்த போனைக் கமிட்டி முடியும்வரை திறக்காத ஒழுங்குள்ளவர். ஆப்பில் ஒரு ஆட்டோ பிடித்தேன். டிரைவர் ஓ.டி.பி. கேட்டார். அதை நான் வாயால் சொல்ல வேண்டும். எனக்குப் பேசத் தெரிந்த கன்னடம் எழுதத் தெரியாது, போன் திரையைக் காட்டினால் வெயிலில் அவருக்குத் தெரியவில்லை. நாலு எண்ணையும் விரலால் காட்டினேன். மூன்றாவது எண் பூஜ்யம். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டினேன். அவர் சந்தோஷமாகச் சிரித்து, தானும் அதேபோல ஒரு வட்டம் காட்டினார். இப்படியே ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டு சில நிமிடம் போயிற்று.

நான் கமிட்டி அறைக்குள் நுழைந்தபோது கிளிஃபர்ட் என் புகாரின் இரண்டாம் பக்கத்தில் இருந்தார். அருமையாக வாசித்தார். எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டு கையையும் வேகமாக ஆட்டினேன்.

“பாருங்க, ஒடம்பு சரியில்லன்னாலும் வந்துட்டாரு,” என்றார் கிளிஃபர்ட். “அவ்ளோ வேதனை.”

நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். இனி ஒரு நாள்கூட அந்த ஆள் வேண்டாம் என்கிறார் மாஸ்டர் என்று ஒருவர் விளக்கினார். மேஜையைத் தட்டினேன். ஆயர் எனக்குத் தண்ணீர் கொடுத்து, கோபம் ஆத்துமாவுக்கு நல்லதல்ல என்று முதுகைத் தடவினார். வேறு வழியில்லாமல் கிளிஃபர்டின் கையிலிருந்து புகாரைப் பிடுங்கி இரண்டாகக் கிழித்தேன். புகார் போதுமான அளவு கடுமையாக இல்லை என்று மாஸ்டருக்கு வருத்தம் என்றார்கள். அவர்களில் ஒருவர் இன்னும் கடுமையாக எழுதப் பேனாவையே திறந்துவிட்டார்.

அந்தப் பேனாவை வாங்கி, கிழிந்த தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். ‘அந்த மைக்கைத் தொடாதீர்கள். அவரையும் தொடாதீர்கள்.’ கிளிஃபர்ட் அதை வாசித்துவிட்டுக் காரணம் கேட்டார். கீழே எழுதினேன். ‘பவுலின் பாடுகிறாள்.’

அறையில் எல்லோருக்கும் பவுலினைத் தெரியும். அவளைப் பார்க்க வீட்டுக்கு வந்து, என்ன பேசுவது என்று தெரியாமல் சாத்துக்குடியை வைத்துவிட்டுப் போனவர்கள் அவர்கள். கிளிஃபர்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், நிறைய நேரம் துடைத்தார். பிறகு தீர்மானப் புத்தகத்தைத் திறந்து எழுதினார். ‘ஆன்லைன் மைக்கில் ஏற்பட்டுள்ள பழுதைச் சரிசெய்ய வேண்டாம் என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.’ எங்கள் கமிட்டி உண்மையிலேயே ஏகமனதாக எடுத்த முடிவு எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

அடுத்த ஞாயிறு என் குரல் பாதி திரும்பியிருந்தது. ஆராதனைக்கு முன்பு படியேறிக் கண்ணாடிக் கூண்டுக்குப் போனேன். பாக்கியராஜ் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார், அடுத்த பதவி உயர்வு வந்துவிட்டது என்று நினைத்திருப்பார். பதினோரு வருடத்தில் நான் கேட்காத ஒன்றைக் கேட்டேன். ஏன் வரியை முன்னாலேயே சொல்கிறீர்கள்?

தொண்ணூற்று மூன்றில் சுரங்கத்துக்குள் பாறை வெடித்து வழி அடைத்துக்கொண்டதாம். இவரும் கோவிந்தப்பா என்ற இன்னொரு தொழிலாளியும் உள்ளே. விளக்கு அணைந்துவிட்டது. பத்தொன்பது மணி நேரம். பயத்தில் கோவிந்தப்பா எதையாவது பாடு என்றிருக்கிறார். இவருக்குக் கோயில் பாட்டுதான் தெரியும், அவருக்கு அது தெரியாது.

“அவரு சாமி வேற, பாஷை வேற,” என்றார் பாக்கியராஜ். “வரியைச் சொல்லிட்டா கூடவே பாடிடுவாரு. அவரு பாடனாத்தான் உயிரோட இருக்காருன்னு எனக்குத் தெரியும். நான் சொன்னாத்தான் அவருக்குத் தெரியும். அப்பிடியே பழகிடுச்சி மாஸ்டர். இப்ப ஹெப்பகோடில மகன் வூட்ல இருக்காரு. நாலு பாட்டு இன்னமும் மறக்கல.”

இந்தக் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்துகொண்டு யாருக்குச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

“யாராவது இருப்பாங்க மாஸ்டர். இருட்டுல ஆளு தெரியாது.”

லேப்டாப்பின் ஓரத்தில் மைக்கின் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர் தெரிந்துகொண்டால் நன்றாகப் பாட முயற்சி செய்துவிடுவார் என்று பயந்தேன். கல்யாண நாளன்று நான் செய்தது பெரிய தவறு, இந்த வாரம் அந்தப் பாட்டை முன்னால் வந்து பாடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். 

“அது அன்னிக்கே பாடியாச்சு,” என்றார் அவர். “திரும்பிப் போறப்ப டொம்லூர் மேம்பாலத்து மேல. ரஞ்சிதம் பின்னாடி ஒக்காந்து கேட்டுச்சி. ஆண்டவரும் கேட்டிருப்பாரு. மொபெட்டுக்குத்தான் சைலன்சர் சரியில்ல.”

அன்று முதல் எங்கள் சபையில் பாட்டு மெதுவாகப் போகிறது. ஒவ்வொரு வரிக்கும் நடுவில் ஒரு இடைவெளி வருகிறது. என் சோப்ரானோப் பெண்கள் மூச்சு வாங்குவதற்காக என்று நினைக்கிறார்கள். வயதாகிவிட்டது, மாஸ்டரின் தாளம் தளர்ந்துவிட்டது என்று சபையில் பேசிக்கொள்கிறார்கள், என் காதுபடவே. வெளியூர்ப் பிரசங்கியார்கள் இடைவெளியில் எழுந்து எழுந்து உட்காருகிறார்கள். நான் தூக்கிய கையை அப்படியே வைத்துக்கொண்டு மேலே பார்க்கிறேன். கண்ணாடிக்குப் பின்னால் பாக்கியராஜின் வாய் திறக்கிறது. எனக்கு ஒன்றும் கேட்பதில்லை. அந்த வாய் மூடும் வரைக்கும் காத்திருந்து, வீட்டில் பவுலினுக்கு வரி போய்ச் சேர்ந்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் கையை இறக்குகிறேன்.